மலைப்பாதையில் ரேடியோவும் சிக்னலும் மாற்றிய பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறிதல்

மேட்டுப்பாளையத்தில் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டரில் புறப்படும் நீலகிரி மலை ரயில், ஏறத்தாழ 46 கிலோமீட்டர் ஓடி உதகமண்டலத்தில் 2,203 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்சட்டம் பதிக்கப்பட்டிருக்கிறது; அந்தப் பகுதியில் எஞ்சின் கீழ்முனையில் நின்று பெட்டிகளை மேல்நோக்கித் தள்ளுவதால், லோகோ பைலட்டுக்கு எதிரே உள்ள பாதை தெரிவதில்லை. ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் நிற்கும் பிரேக்ஸ்மேன் காட்டும் கொடி, பெட்டிக்குப் பெட்டி கைமாறித்தான் எஞ்சினுக்கு வந்து சேர்கிறது. மூடுபனி இறங்கினால் அடுத்த பெட்டியின் கொடியே மங்கிப்போகும் இத்தகைய பாதையில், ரேடியோ ஒழுங்காக வேலை செய்வதைச் சமவெளியில் உள்ளதுபோல் ஒரு வசதியாக மட்டும் கருத முடியாது.

பழைய அனலாக் வாக்கி-டாக்கிகளையும், இழைவிளக்குச் சிக்னல்களையும், பாதையில் வண்டி நிற்கிறதா என்று கண்டறியும் பழைய சாதனங்களையும் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்தியபின் வரும் கோளாறுகளை, இதுபோன்ற மலைப்பாதைகளில் பராமரிப்பில் இருப்போருக்காக இங்கே அறிகுறிவாரியாக எழுதுகிறேன். அவற்றுள் பெரும்பாலானவை புதிய பெட்டிக்குள் இருப்பதில்லை. புதியது பழையதோடு சேரும் இடத்தில், அதாவது கனெக்டரில், மின்கம்பியில், எர்த்தில், ரிலேயில், அமைப்பு மதிப்புகளில் இருக்கின்றன. ஆகவே பெட்டியை மாற்றிப் பார்க்கும் பழக்கத்தைக் கடைசி வழியாக வைத்துக்கொள்வது நல்லது.

சிக்னல் சாதனம் எதையும் தொடுவதற்கு முன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் டி/351 படிவத்தில் டிஸ்கனெக்‌ஷன் மெமோ (சாதனத்தை இணைப்பிலிருந்து எடுப்பதற்கான அறிவிப்பு) கொடுத்து, அவர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட பிறகே பெட்டியின் பூட்டைத் திறக்க வேண்டும். ரேடியோவில் வாய்வழியாகச் சொல்லிக்கொண்ட ஒப்புதல் இதற்கு ஈடாகாது.

எதிர்முனை பேசுவது நமக்குக் கேட்கிறது, ஆனால் நாம் பேசுவது அங்கே போய்ச் சேரவில்லை

நிலையத்தில் வைக்கும் 25 வாட் விஎச்எஃப் செட்டில் இந்த அறிகுறி வந்தால், பலர் முதலில் ஆண்டெனாவைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது மின்னழுத்தம். கேட்கும்போது செட் இழுக்கும் மின்னோட்டம் ஓர் ஆம்பியருக்கும் குறைவு. பேசும் பொத்தானை அழுத்தியதும் அது 5 அல்லது 6 ஆம்பியராகத் தாவும். எனவே பொத்தானை அழுத்தாமல் மல்டிமீட்டரில் 13.8 வோல்ட் கண்டு திருப்தி அடைவதில் பொருளில்லை. ஒருவர் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க, மற்றொருவர் செட்டின் பின்புற முனையிலேயே அளவு எடுக்க வேண்டும். பாட்டரி முனையில் எடுக்கும் அளவு உண்மையைக் காட்டாது.

பாட்டரி அறை பத்து மீட்டர் தள்ளியிருந்து, 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இணைப்புக் கொடுத்திருந்தால், போகவும் வரவும் இருபது மீட்டர் செம்புக்கு ஏறத்தாழ 0.23 ஓம் மின்தடை இருக்கும். 6 ஆம்பியரில் 1.4 வோல்ட் கம்பியிலேயே கரைந்துவிடும். அதோடு பாசி பிடித்த ஃபியூஸ் ஹோல்டரும் சேர்ந்துகொண்டால், செட் 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி, பேசத் தொடங்கிய மறுகணமே அணைந்து மறுபடி எழும். பழைய குறைந்த திறன் செட்டுக்கு இழுத்த கம்பியைப் புதிய செட்டுக்கும் அப்படியே விட்டுவைத்த நிலையங்களில் இதை எதிர்பார்க்கலாம். 4 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு மாற்றினால் அதே இழப்பு அரை வோல்ட்டுக்கு வந்துவிடுகிறது.

மின்னழுத்தம் சரியாக இருந்தும் பேச்சு போகவில்லை என்றால், ரிப்பீட்டரை (பேச்சை வாங்கி மறுபடி வலுவாக அனுப்பும் சாதனம்) திறக்கும் துணைத்தொனி, அதாவது பேச்சோடு சேர்ந்து போகும் தாழ்ந்த தொனி, செட்டில் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அனுப்பும் தொனி தவறாக இருந்தால் ரிப்பீட்டர் நம்மைக் கேட்டும் கேளாததுபோல் இருந்துவிடும். நமக்கோ மற்றவர் பேச்சு தெளிவாகக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

குரல் சிதறுகிறது, அல்லது மிகவும் தாழ்ந்து கேட்கிறது

புதிய செட்டுகளும் பழைய செட்டுகளும் கலந்து ஓடும் மாற்றக் காலத்துக்கே உரிய கோளாறு இது. பழையவை 25 கிலோஹெர்ட்ஸ் சேனலில் 5 கிலோஹெர்ட்ஸ் விலகலுடன் (குரலுக்கேற்ப அதிர்வெண் நகரும் அளவு) பேசுகின்றன, புதியவை 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலில் அதில் பாதி விலகலுடன் பேசுகின்றன. பழைய செட்டிலிருந்து வரும் பேச்சு புதியதில் உச்சங்களில் வெட்டுண்டு கரகரக்கும். புதியதிலிருந்து வரும் பேச்சு பழையதில் கிசுகிசுப்பாகக் கேட்கும். ஒலியளவைக் கூட்டிக் குறைத்துச் சமாளிப்பது தீர்வாகாது. எந்த இரண்டு செட்டுகளுக்கு இடையே எந்தத் திசையில் கோளாறு என்று எழுதிப் பார்த்தாலே காரணம் விளங்கிவிடும். அனைத்துச் செட்டுகளின் அமைப்பையும் ஒரே நாளில் மாற்றிவிடுவது ஒன்றே வழி. எஞ்சினில் இருப்பதை இன்றும், பிரேக்ஸ்மேன் கையில் இருப்பதை அடுத்த வாரமும் மாற்றுவது கூடாது.

வெயில் காலத்தில் நன்றாக இருந்தது, மழை தொடங்கியதும் தொடர்பு மெலிகிறது

மலைக்கே உரிய கோளாறு இது. அதிக நேரம் விழுங்குவதும் இதுதான். ஆண்டெனாவுக்குச் செல்லும் கோஆக்சியல் கேபிளின் மேல்முனைக் கனெக்டருக்குள் ஈரம் புகுந்து, பின்னல் உறையின் வழியே இழுபட்டுப் பல மீட்டர் கீழே இறங்கிவிடுகிறது. குன்னூரிலும் லவ்டேலிலும் மழை பெய்ய வேண்டும் என்றுகூட இல்லை. பகலில் சூடேறி மாலையில் மூடுபனியில் குளிரும் கனெக்டர் ஈரக்காற்றைத் தானே உள்ளிழுத்துக்கொள்கிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. செட்டருகே எஸ்டபிள்யூஆர் மீட்டரை (ஆண்டெனாவிலிருந்து அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது; 1க்கு அருகில் இருந்தால் நல்லது) வைத்து அளந்தால் 1.5 அல்லது 1.7 என்று காட்டும்; ஆண்டெனா நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டி இறங்கிவிடுவார்கள். நனைந்த கேபிள் செல்லும் அலையையும் திரும்பும் அலையையும் சேர்த்தே விழுங்குவதால் மீட்டருக்குத் திரும்பி வருவது குறைவாகத் தெரிகிறது. 6 டெசிபெல் இழப்புள்ள கேபிளின் மறுமுனையில் ஆண்டெனா அறுந்தே தொங்கினாலும் கீழே மீட்டர் 1.7க்குமேல் காட்டாது, அந்த நேரத்தில் 25 வாட்டில் மேலே போய்ச் சேர்வது 6 வாட்தான். மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை 30 மீட்டர் இழுத்தால், நனையாமலே 150 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய இந்த அளவு இழப்பு வந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அந்த நீளத்துக்கு ஆர்ஜி-213 அல்லது அதைவிடத் தடித்த கேபிளே பொருத்தம்.

ஆகவே அளவை இரண்டு முனையிலும் எடுக்க வேண்டும். ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, மேல்முனையில் பவர் மீட்டரும் 50 ஓம் டம்மி லோடும் மாட்டி, கீழே போடும் வாட்டுக்கு மேலே எத்தனை வாட் வருகிறது என்று பார்ப்பதே நம்பகமான சோதனை. கீழே போடுவதில் பாதிக்கும் குறைவாக மேலே வந்தால் கேபிளை மாற்றிவிடலாம். கனெக்டரைத் திறந்ததும் நடுக்கம்பியில் பச்சைப் பூச்சும், பின்னல் உறையில் கருமையும் தெரிந்தால் அளக்கவே வேண்டியதில்லை. கறுத்த பகுதியை மட்டும் வெட்டிவிட்டுப் புதிய கனெக்டர் போடும் சிக்கனம் வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் கருமைக்குக் கீழேயும் ஈரம் இறங்கியிருக்கும்.

புதிய கனெக்டரை மூடும்போது தன்னொட்டு ரப்பர் டேப்பை இழுத்து, கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோல் ஒன்றின்மேல் ஒன்று ஏறுமாறு சுற்ற வேண்டும். அதன்மேல் வெயிலைத் தாங்கும் பிவிசி டேப் ஒரு சுற்று. கேபிள் அறைக்குள் நுழையும் இடத்தில் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றி நுழைத்தால் வழிந்து வரும் நீர் சுவருக்கு வெளியிலேயே சொட்டிவிடும். காற்றில் ஆண்டெனா ஆடும்போது கனெக்டர் வளையாதபடி, அதற்கு ஒரு சாண் கீழே கேபிளைக் கம்பத்தோடு இறுக்கிவிடுவதும் அவசியம்.

குறிப்பிட்ட வளைவில் அல்லது குகையில் மட்டும் தொடர்பு அறுகிறது

விஎச்எஃப் அலை ஏறக்குறைய பார்வைக் கோட்டில் செல்வது. மலைத்தோளைச் சுற்றி ஓரளவுக்குமேல் வளையாது. இந்தப் பாதையில் 208 வளைவுகளும் 16 குகைகளும் உள்ளன. ஒரே ரிப்பீட்டர் அத்தனையையும் காணும் இடம் எதுவும் இராது. அப்படியிருந்தும், உயரமான இடத்தில் புதிய ரிப்பீட்டரும் அதிக ஆதாயமுள்ள ஆண்டெனாவும் வைத்தபின் முன்பு கேட்ட இடத்திலும் இப்போது கேட்கவில்லை என்ற புகார் வந்தால், குறை ஆண்டெனாவின் தேர்வில் இருக்கலாம். அதிக ஆதாயமுள்ள நெடிய ஆண்டெனா தன் ஆற்றலை அடிவானத்தை நோக்கி மெல்லிய தட்டாக விரித்து அனுப்புகிறது. சமவெளிக்கு அது நல்லது. ஹில்குரோவ், ரன்னிமேடு போன்ற நிலையங்களைக் கொண்ட செங்குத்துச் சரிவை மேலிருந்து எட்ட வேண்டுமானால், அந்தத் தட்டு பள்ளத்தாக்கின் தலைக்குமேல் கடந்து சென்றுவிடும். ரிப்பீட்டருக்கு நேர் அடியில் இருக்கும் பாதைதான் இருட்டில் விழும். அங்கே குறைந்த ஆதாயமுள்ள இருமுனை ஆண்டெனாவைக் கம்பத்தின் சரிவுப் பக்கமாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். பெரிய ஆண்டெனாவைக் கழற்றிச் சிறியதை மாட்டச் சொன்னால் மேலதிகாரிகள் முகம் சுளிப்பது இயல்பு. சோதனை வண்டியில் எடுத்த அளவுகளைக் காட்டினால் ஒப்புக்கொள்வார்கள்.

வண்டி நின்றிருக்கும்போது கேட்காமல், ஒரு மீட்டர் நகர்ந்ததும் கேட்டால், அது பாறைகளில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழிப்பதன் விளைவு. 160 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 1.9 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அரை மீட்டர் இடம் மாறினாலே நிலைமை மாறிவிடும். பிரேக்ஸ்மேன்கள் செட்டை இடுப்பில் படுக்கையாகச் செருகிக்கொண்டு பேசுவதாலும் இழப்பு ஏற்படுகிறது. நிலைய ஆண்டெனா நின்ற நிலையில் இருப்பதால் கைச்செட்டும் நின்ற நிலையில், முகத்துக்கு முன்னால், உடம்பிலிருந்து விலகி இருக்க வேண்டும். 5 வாட் செட்டில் இது சிறிய விஷயமல்ல.

குகைக்குள் மட்டும் அறுந்தால், நேரான குட்டைக் குகையில் வாயிலருகே ஓர் ஆண்டெனா போதும். வளைந்த குகையில், நெடுகிலும் அலையைக் கசியவிடும் கசிவுக் கேபிள்தான் வழி. அதைச் சுவரில் ஈரம் ஒழுகும் பக்கத்தைத் தவிர்த்து, பாறையோடு ஒட்டாமல் தாங்கிகளில் சற்று விலக்கிக் கட்ட வேண்டும். புகைபோக்கியின் வெப்பம் நேரே தாக்கும் உச்சியில் கட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

டிஜிட்டலுக்கு மாறியபின் எச்சரிக்கையே இல்லாமல் குரல் நின்றுபோகிறது

அனலாகில் தொடர்பு மெலியும்போது இரைச்சல் கூடும். கேட்பவர் அதை உணர்ந்து சுதாரித்துக்கொள்வார். டிஜிட்டலில் கடைசி வரை தெளிவாகக் கேட்டு, பிறகு ஒரேயடியாக மௌனமாகிவிடும். இதைக் கோளாறு என்று பதிவு செய்வதற்கு முன், அந்த இடத்தில் அலையின் வலிமை எவ்வளவு என்று அளந்து பார்க்க வேண்டும். வலிமை போதுமானதாக இருந்தும் சில செட்டுகள் மட்டும் ஒன்றையொன்று கேட்கவில்லை என்றால், டிஜிட்டல் செட்டில் பதியும் அமைப்பு மதிப்புகளான வண்ணக் குறியீடும் நேரக்கூறும் குழு எண்ணும் ஒன்றாக உள்ளனவா என்று சரிபார்த்தால் போதும். மாற்றம் முழுமையாக முடியும் வரை எல்லாச் செட்டிலும் ஓர் அனலாக் சேனலை அவசரத்துக்காக விட்டுவைப்பதும், ஒவ்வொரு வண்டி புறப்படும் முன்னும் அதில் ஒருமுறை பேசிப் பார்ப்பதும் என் கருத்தில் கட்டாயம்.

மேட்டுப்பாளையத்தில் நன்றாக இருக்கும் பாட்டரி ஊட்டியில் விடியற்காலையில் விழுந்துவிடுகிறது

ஒரே வகைப் பாட்டரி, ஒரே வகை சார்ஜர், ஒரே நாளில் பொருத்தியவை. ஆனால் சனவரி உறைபனியில் மேலே உள்ளது மட்டும் கைவிடும். ஈயப் பாட்டரியின் கொள்திறன் 0 டிகிரிக்கு அருகில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. பாட்டரியை நிறைவாகவே வைத்திருக்க சார்ஜர் கொடுக்கும் மிதவை மின்னழுத்தம் வெப்பநிலைக்கேற்ப மாற வேண்டும். செல் ஒன்றுக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 3 மில்லிவோல்ட், அதாவது 12 வோல்ட் பாட்டரிக்கு 18 மில்லிவோல்ட். சமவெளியின் 27 டிகிரிக்கு அமைத்த சார்ஜரை 7 டிகிரி அறையில் வைத்தால் ஏறக்குறைய 0.36 வோல்ட் குறைவாகவே ஊட்டும். பாட்டரி என்றும் நிறையாமல் அரைவயிற்றோடு இருந்து, தகடுகளில் சல்பேட் படிந்து, ஓரிரு ஆண்டில் வீணாகும். வெப்ப உணரி கொண்ட சார்ஜரானால், அந்த உணரி பாட்டரி மேல் ஒட்டப்பட்டிருக்கிறதா, அல்லது சார்ஜர் பெட்டிக்குள்ளேயே சுருட்டி விடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டிக்குள் எப்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

சிக்னல் எரிகிறது, பேனலில் விளக்கு இல்லை என்று காட்டுகிறது

இழைவிளக்கை எல்இடியாக மாற்றியபின் வருவது இது. எல்இடி இழுக்கும் மின்னோட்டம் குறைவு. விளக்கு எரிவதைக் கண்காணிக்கும் ஈசிஆர் ரிலே பழைய அளவுக்கானதாக இருந்தால், விளக்கு எரிந்தாலும் ரிலே எழாது. சிவப்பு விளக்கில் இப்படி நேர்ந்தால், அதற்கு முன்பாக வண்டி சந்திக்கும் சிக்னலும் சிவப்பிலேயே பிடித்துவைக்கப்படும். ஒரு விளக்கில் தொடங்கிய கோளாறு இரண்டு சிக்னல் கோளாறாகப் பதிவாகும்.

எல்இடிக்கென்று அமைந்த ஈசிஆரைப் போடுவதுதான் சரியான பரிகாரம். மின்னோட்டத்தைக் கூட்டிக் காட்டுவதற்காக விளக்கோடு இணையாக ஒரு மின்தடையை மாட்டும் குறுக்குவழி ஆபத்தானது. நாளை அந்த எல்இடி முழுவதும் அணைந்துபோனாலும் மின்தடை வழியே ஓடும் மின்னோட்டம் ரிலேயை எழுப்பியே வைத்திருக்கும். மூடுபனியில் இருண்டு கிடக்கும் சிக்னலைப் பேனல் எரிவதாகவே காட்டும்.

பாதை காலியாக இருக்கிறது, வண்டி நிற்பதாகக் காட்டுகிறது

மழையில் மட்டும் வந்து வெயிலில் மறைந்தால், டிராக் சர்க்யூட்டில் (தண்டவாளங்களில் மின்சாரம் செலுத்தி, சக்கரம் அவற்றை இணைப்பதைக் கொண்டு வண்டியைக் கண்டறியும் அமைப்பு) பல்லாஸ்ட், அதாவது பாதையின் சரளைக்கல், வழியே மின்சாரம் கசிகிறது. சரிவிலிருந்து வழிந்த சேறு பல்லாஸ்டை அடைத்திருக்கும். வடிகாலைத் திறந்து பல்லாஸ்டைச் சலிக்காமல் மின்னழுத்தத்தை மட்டும் ஏற்றினால் அடுத்து வரும் இன்னும் மோசமான கோளாறுக்கு வழி செய்தவர் ஆவோம். எஃகு ஸ்லீப்பர் கிடக்கும் இடத்தில் டிராக் சர்க்யூட்டே ஆகாது. இரு தண்டவாளத்தையும் அது இணைத்துவிடும். அங்கே அச்சு எண்ணிதான் பொருத்தம்.

அச்சு எண்ணியில் இந்த அறிகுறி வந்தால், உள்ளே போன அச்சுகளின் எண்ணிக்கையும் வெளியே வந்த எண்ணிக்கையும் பொருந்தவில்லை என்று பொருள். பராமரிப்புத் தள்ளுவண்டி சென்சார்மேல் நின்று முன்னும் பின்னும் அசைந்ததா, சென்சாரைத் தண்டவாளத்தில் பிடிக்கும் போல்ட் தளர்ந்ததா, காட்டுப்பன்றி கிளறிய இடத்தில் கேபிள் இணைப்பு நனைந்ததா என்று இந்த வரிசையில் பார்க்கலாம். கடைசிப் பெட்டி இதுவே என்று காட்டும் எல்வி பலகையோடு வண்டி முழுமையாக வந்து சேர்ந்ததை ஸ்டேஷன் மாஸ்டர் உறுதிசெய்யாமல் ரீசெட் செய்யவே கூடாது. சரிவில் கழன்று நிற்கும் ஒரு பெட்டியைக் காலிப் பாதையாக மாற்றிவிடும் பொத்தான் அது.

வண்டி நிற்கிறது, பாதை காலி என்று காட்டுகிறது

இந்த அறிகுறி ஒருமுறை தெரிந்தாலே அந்த டிராக் சர்க்யூட்டைப் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். காரணம் தேடுவது அதன் பிறகு. வடகிழக்குப் பருவமழையில் மண்சரிந்து கல்லாறு–குன்னூர் பகுதியில் வண்டிகள் நாள்கணக்கில் நிற்பது வழக்கம். அதற்குள் தண்டவாளத்தின் தலை துருவேறிவிடும். துருவின்மேல் இலேசான வண்டி ஏறினால் சக்கரம் இரு தண்டவாளத்தையும் சரியாக இணைப்பதில்லை. போக்குவரத்து மறுபடி தொடங்கும் முன் வண்டிச் சக்கரத்துக்கு ஈடாக 0.5 ஓம் மின்தடையைத் தண்டவாளங்களின் குறுக்கே வைத்து, ரிலே விழுகிறதா என்று ஊட்டும் முனை, வாங்கும் முனை, நடு ஆகிய மூன்று இடத்திலும் சோதிக்க வேண்டும். சோதனைக் கம்பியின் பிடியைத் துருவைச் சுரண்டி மாட்டினால் சோதனை தேறிவிடும், வண்டி தேறாது. ஆகவே எஞ்சினை ஒருமுறை ஓட்டித் துருவைத் தேய்த்தபின், ரிலேயைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஒரு காலிப் பெட்டியை அதன்மேல் நிறுத்திச் சரிபார்ப்பதும் சேர வேண்டும்.

இடி விழுந்தபின் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல சாதனங்கள் சேர்ந்து செயலிழக்கின்றன

கோபுரத்துக்கு ஓர் எர்த், சிக்னல் அறைக்கு ஓர் எர்த், தொலைபேசிக்கு ஓர் எர்த் என்று தனித்தனியே குழி தோண்டி, அவற்றை இணைக்காமல் விட்ட நிலையங்களில் இப்படி நிகழும். இடி இறங்கும் கணத்தில் ஓர் எர்த்துக்கும் மற்றொன்றுக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வேறுபாடு தோன்றி, இரண்டையும் தொடும் கேபிள் வழியே சாதனத்துக்குள் பாயும். எல்லா எர்த்தையும் தடித்த செம்புப் பட்டையால் வளையமாக இணைத்து, இடிதாங்கி மாட்யூல்களைக் கேபிள் நுழையும் இடத்திலேயே பொருத்த வேண்டும். மின்னணுச் சாதனங்களுக்கு எதிர்பார்க்கப்படும் 1 ஓமைப் பாறை நிலத்தில் ஒற்றைக் குழியால் எட்ட முடியாது. எர்த் கலவை நிரப்பிய பல குழிகளைச் சேர்த்தே எட்ட வேண்டியிருக்கும். அளவைக் கோடைக் கடைசியில், மண் காய்ந்திருக்கும்போது எடுக்க வேண்டும். நவம்பர் மழையில் எடுத்த நல்ல அளவு ஏப்ரல் இடிக்கு உதவாது. மாட்யூலின் காட்டி சிவப்பாக மாறியிருந்தால், சாதனம் வேலை செய்தாலும் அதை அன்றே மாற்றிவிட வேண்டும்.

நாம் போய்ச் சேரும்போது கோளாறு இருப்பதில்லை

இதற்குப் புகார்ப் பதிவேட்டின் வடிவத்தையே மாற்ற வேண்டும். ‘செட் வேலை செய்யவில்லை’ என்ற பதிவால் பயனில்லை. வண்டி எந்தக் கிலோமீட்டர் கல்லருகே இருந்தது, ஏறுமுகமா இறங்குமுகமா, பனியா மழையா வெயிலா, யார் யாரைக் கேட்கவில்லை என்ற நான்கையும் லோகோ பைலட்டோ பிரேக்ஸ்மேனோ சொல்லச் சொல்ல ஸ்டேஷன் மாஸ்டர் குறித்துக்கொண்டால், பத்துப் பதிவுகளுக்குள் கோளாறு மழையைச் சார்ந்ததா, இடத்தைச் சார்ந்ததா, குறிப்பிட்ட ஒரு செட்டைச் சார்ந்ததா என்பது பிரிந்து தெரிந்துவிடும். பிறகு அந்த நேரத்தில், அந்த வானிலையில், அதே வண்டியில் மீட்டரோடு ஏறிப் போக வேண்டும்.